விழாமல் நிற்கும் வண்டி ஏன் விழுகிறது?

ஒரு சின்னப் பலகை, அதன் இரு பக்கமும் ஒவ்வொரு சக்கரம். ஆள் ஏறி நின்று லேசாக முன்னே சாய்கிறார், வண்டி கிளம்புகிறது. பின்னே சாய்கிறார், நிற்கிறது. ஆக்சிலரேட்டரும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. மாலிலோ விமான நிலையத்திலோ இதைப் பார்க்கிற யாருக்கும் வருகிற முதல் சந்தேகம், முன்னும் பின்னும் தாங்க ஒன்றுமில்லாத இந்த வண்டி எப்படிக் குப்புறக் கவிழாமல் நிற்கிறது என்பதுதான். வீட்டுப் பிள்ளை ஹோவர்போர்டு வேண்டும் என்று அடம்பிடிக்கும்போது பெற்றோருக்கு வேறொரு சந்தேகம் வருகிறது: இது பாதுகாப்பானதா? இரண்டும் வெவ்வேறு கேள்விகளாகத் தெரியும். ஆனால் வண்டி எதனால் நிற்கிறதோ அதே காரணத்தால்தான் விழவும் செய்கிறது. முதல் கேள்விக்கு ஒழுங்காக விடை தேடினால் இரண்டாவதற்கும் விடை கிடைத்துவிடும்.

சாயும் பக்கமே ஓடு

உள்ளங்கையில் ஒரு நீளக் கோலை நிமிர்த்தி நிறுத்தப் பாருங்கள். கோல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே கை ஓட வேண்டும். கோலின் அடி அதன் எடைக்கு நேர் கீழே வந்துவிட்டால் கோல் நிமிர்ந்துகொள்ளும். கை ஒரு கணம் தாமதித்தாலும் போச்சு. அடியில் தாங்கி, தலை மேலே இருக்கும் இப்படிப்பட்ட அமைப்பைத் தலைகீழ் ஊசல் என்று அழைக்கலாம். சாதாரண ஊசல் எங்கே தள்ளினாலும் தானாகவே நடுவுக்குத் திரும்பும். தலைகீழ் ஊசல் தானாக எங்கும் திரும்பாது. சாய ஆரம்பித்தால் மேலும் மேலும் வேகமாகச் சாயும். அதை நிமிர்ந்தே வைத்திருக்க ஒருவர் விடாமல் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும்.

தன்சமநிலை வண்டியில் கோல் என்பது ஏறி நிற்கும் ஆள். கை என்பது சக்கரம். டீன் கேமன் 2001 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அறிமுகப்படுத்திய செக்வே இந்த வகையில் புகழ்பெற்ற முதல் வண்டி. சாய்வை உணர்வதற்கு அதில் கைரோஸ்கோப் உணரிகள் உண்டு. அவை பலகையின் சாய்வை நொடிக்கு நூறு முறை அளந்து சொல்ல, சிறு கணினி ஒன்று மோட்டாரை அதற்கேற்ப முடுக்கும். நீங்கள் முன்னே சாய்வதை இயந்திரம் 'வேகமாகப் போ' என்ற கட்டளையாக எடுத்துக்கொள்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதன் கணக்கில் கட்டளை என்று ஒன்றும் இல்லை. ஆள் விழப்போகிறார், அவருக்குக் கீழே சக்கரத்தைக் கொண்டுபோக வேண்டும் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். நாம் பயணம் என்று சொல்வது, விழாமல் தடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும் ஒரு நீண்ட விழுகை. 2003 ஜூனில் அதிபர் ஜார்ஜ் புஷ் செக்வேயில் ஏறியதும் முன்பக்கமாகத் தடுமாறி விழுந்த படம் உலகம் முழுக்கப் பரவியது. இயக்காமலேயே ஏறிவிட்டார் என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட காரணம். மின்சாரம் ஓடாதபோது அந்த வண்டிக்கு நிற்கும் திறன் துளியும் இல்லை.

மூன்று வேலை, ஒரு மோட்டார்

காரில் ஓட்டுவது எஞ்சினின் வேலை, நிறுத்துவது பிரேக்கின் வேலை, கவிழாமல் நிற்பது நான்கு சக்கரங்களின் வேலை. எஞ்சின் செத்துப்போனாலும் கார் உருண்டு போய் நிற்கும். மின் சைக்கிளின் பேட்டரி தீர்ந்தால் மிதித்துக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். தன்சமநிலை வண்டியில் மூன்று வேலைகளும் ஒரே மோட்டாரின் தலையில் விழுகின்றன. மோட்டார் தன் முழு பலத்தையும் வேகத்துக்கே கொடுத்துவிட்டால், நிமிர்த்தி வைக்க அதனிடம் ஒன்றும் மிச்சம் இராது.

மிச்சம் எப்படித் தீர்ந்துபோகிறது என்பதற்கு மோட்டாரின் ஒரு குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுற்றிக்கொண்டிருக்கும் மின்மோட்டார் அதே நேரத்தில் ஒரு டைனமோவாகவும் இருக்கிறது. பேட்டரிக்கு எதிர்த்திசையில் தானே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. இதை எதிர் மின்னழுத்தம் என்போம். வேகம் கூடக்கூட இதுவும் கூடும். பேட்டரியின் அழுத்தத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே மோட்டாருக்குள் மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. அந்த மின்னோட்டமே சக்கரத்தைத் திருப்பும் பலம். ஆகவே நிற்கும்போது மோட்டாருக்குப் பலம் அதிகம், ஓட ஓடக் குறைவு. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் இரண்டு அழுத்தங்களும் சமமாகிவிட, பலம் சுழியாகும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்து முழுவேகத்தில் சுற்றவிட்டால் அது போய் நிற்கும் வேகம் ஏறக்குறைய இதுதான். வெற்றுச்சுழல் வேகம் என்று இதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம். இந்த அத்தியாயத்தில் நினைவில் வைக்க வேண்டிய சொல் ஒன்றே ஒன்றுதான் என்றால் அது இதுவே. ஓடிக்கொண்டிருக்கும் வேகத்துக்கும் வெற்றுச்சுழல் வேகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் வண்டியின் கையிருப்பு.

மணிக்கு 20 கி.மீ.யில் ஒரு கணக்கு

கணக்கு வசதிக்காக ஒரு வண்டியைக் கற்பனை செய்வோம். பேட்டரி நிறைந்திருக்கும்போது வெற்றுச்சுழல் வேகம் மணிக்கு 30 கி.மீ.; ஓட்டுபவர் போவது 20 கி.மீ. வேகத்தில். இடைவெளி 10 கி.மீ., அதாவது மோட்டாரின் உச்ச பலத்தில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் கையில் இருக்கிறது. சமதரையில் ஓட அதில் கொஞ்சம் செலவாகும், மீதி சமநிலைக்கு. இதுவரை கவலையில்லை.

இப்போது பேட்டரி இறங்குகிறது. லித்தியம் அயனி மின்கலம் ஒன்று நிறைந்திருக்கையில் 4.2 வோல்ட் தரும். தீரும் தறுவாயில் 3.3 வோல்ட் அளவுக்கு வந்துவிடும். அழுத்தம் குறைந்தால் வெற்றுச்சுழல் வேகமும் அதே விகிதத்தில் குறையும். 30 கி.மீ. என்பது இப்போது ஏறக்குறைய 23.5 கி.மீ. ஓட்டுபவர் அதே 20 கி.மீ. வேகத்தில்தான் போகிறார், காலடியில் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆனால் 10 கி.மீ. இடைவெளி 3.5 கி.மீ. ஆகச் சுருங்கிவிட்டது. கையிருப்பில் மூன்றில் இரண்டு பங்கு சத்தமில்லாமல் போய்விட்டது. எதிரே ஒரு மேடு வருகிறது. மேடேற மோட்டார் மின்னோட்டத்தை அதிகமாக இழுக்கிறது. அதிகமாக இழுத்தால் பேட்டரியின் அழுத்தம் இன்னும் சரியும். மின்கலம் 3 வோல்ட்டுக்கு இறங்கினால் வெற்றுச்சுழல் வேகம் 21.5 கி.மீ.க்கு வந்து நிற்கும். இடைவெளி ஒன்றரை கி.மீ. மட்டுமே.

அந்த நேரத்தில் சக்கரம் ஒரு பள்ளத்தில் தட்டுகிறது. சக்கரம் ஒரு கணம் தயங்க, ஆள் தன் வேகத்தில் முன்னே போகிறார். உடல் 5 டிகிரி சாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியாத சாய்வு அது. பலகையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் உடல் எடையின் மையம் சக்கரத்தைவிட 9 செ.மீ. முன்னே நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மேலும் சாயாமல் இந்த இடத்திலேயே பிடித்து நிறுத்தக்கூட, வண்டி ஒவ்வொரு நொடிக்கும் மணிக்கு 3 கி.மீ. வீதம் வேகம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். நிமிர்த்த வேண்டுமென்றால் அதைவிட வேகமாகப் போய் ஆளை முந்த வேண்டும். கையில் இருப்பதோ ஒன்றரை கி.மீ. அரை நொடியில் அது தீர்ந்துவிடும்.

பிறகு மோட்டார் கைவிட்டுவிட்டது என்று கொண்டு கணக்கிட்டால், 5 டிகிரி சாய்வு அரை நொடிக்குள் 10 டிகிரியாகும், முக்கால் நொடிக்குள் 20, ஒரு நொடி முடிவதற்குள் 40. எதிர்பாராத ஒன்று நடந்தது என்று மூளை உணர்ந்து கால் அசைவதற்கே ஏறக்குறைய அரை நொடி ஆகும். அதற்குள் இறங்கி ஓடித் தப்பிக்கவும் வழியில்லை. 10 கி.மீ. வேகம் என்றால் இறங்கி நாலு எட்டு ஓடிச் சமாளித்துவிடலாம். 20 கி.மீ. என்பது நொடிக்கு ஐந்தரை மீட்டர். பலகையில் கால் ஊன்றி நிற்கிறவர் முதல் அடியிலேயே அந்த வேகத்தில் ஓட முடியாது. கைகளை நீட்டிக்கொண்டு விழுகிறார். 2015, 2016 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அமெரிக்காவில் 26,854 பிள்ளைகள் ஹோவர்போர்டுக் காயங்களுக்காக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்ததாக 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதிகம் அடிபட்ட உறுப்பு மணிக்கட்டு. எல்லாமே மோட்டார் கைவிட்டதால் வந்த விபத்துகள் அல்ல, பழகாத கால்கள் தடுமாறியதும் நிறைய இருக்கும். ஆனால் அடிபடும் விதம் ஒன்றுதான்.

இந்தக் கணக்கில் நான் முக்கியமாகக் கருதுவது, வழக்கமான வண்டிகளின் தர்க்கம் இங்கே தலைகீழாகிவிடுவது. வேறு எந்த வண்டியும் ஆபத்து வந்தால் வேகத்தைக் குறைத்துத் தப்பிக்கும். இது முன்னே சாய்ந்த ஆளைக் காப்பாற்ற வேகத்தைக் கூட்டியே ஆக வேண்டும். வரம்பைத் தொட்டுவிட்ட வண்டிக்கு 'இதற்கு மேல் முடியாது' என்று மறுக்கும் உரிமை இல்லை. மறுத்தால் ஆள் விழுவார்.

பின்பக்கமும் இதே கதைதான், அடிக்கடி பேசப்படுவதில்லை என்றாலும். வேகத்தைக் குறைக்கும்போது இந்த வண்டி ஓட்டத்தின் ஆற்றலை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கே திருப்பி அனுப்புகிறது. மலைமேல் குடியிருப்பவர் காலையில் முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு நேரே இறக்கத்தில் இறங்கினால், அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ள நிறைந்த பேட்டரியில் இடம் இருக்காது. பேட்டரி குறைந்தால் ஏற்றத்தில் ஆபத்து, நிறைந்தால் இறக்கத்தில் ஆபத்து.

திரும்பப் பெறப்பட்ட வண்டிகள் சொல்வது

செக்வேயைச் செய்தவர்கள் இந்த ஆபத்தை அறியாதவர்கள் அல்ல. மூன்று கைரோஸ்கோப் உணரிகள் போதும் என்ற இடத்தில் ஐந்து வைத்தார்கள். இரண்டு மின்சுற்றுப் பலகைகள், இரண்டு பேட்டரிகள், மோட்டாருக்குள் ஒன்றையொன்று சாராத இரண்டு கம்பிச்சுருள்கள் என எல்லாவற்றுக்கும் மாற்று வைத்தார்கள். ஒன்று பழுதானாலும் மற்றது ஆளைப் பத்திரமாக இறக்கிவிடும். உயர்ந்த பொறியியல் இது. ஆனால் இவை அனைத்தும் பழுதுக்கு எதிரான காப்புகள். கையிருப்பு தீர்ந்துபோவது பழுதே இல்லை. எல்லா உறுப்பும் சரியாக வேலை செய்யும்போதே அது நடக்கும்.

2003 செப்டம்பரில், அதுவரை விற்றிருந்த சுமார் 6,000 செக்வேக்களையும் திரும்பப் பெறுவதாக அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. பேட்டரி இறங்கியிருக்கும்போது ஆள் திடீரென்று வேகம் கூட்டினாலோ, தடையில் மோதினாலோ, எச்சரிக்கை வந்த பிறகும் ஓட்டிக்கொண்டே போனாலோ, நிமிர்த்தி வைக்கப் போதிய மின்சாரம் இல்லாமல் போகக்கூடும் என்பதே காரணம். மேலே போட்ட கணக்கை ஆணையம் தன் மொழியில் எழுதியது போலவே இருக்கிறது. தீர்வாக வந்தது புது மோட்டாரோ பெரிய பேட்டரியோ அல்ல, மென்பொருள் திருத்தம்.

இருபது ஆண்டு கழித்து அதே பாடம் மறுபடி வந்தது, இம்முறை உயிர்களை வாங்கிக்கொண்டு. நடுவில் ஒற்றைச் சக்கரம் வைத்த ஒன்வீல் பலகைகள் சுமார் 3,00,000 எண்ணிக்கையில் 2023 செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டன. வரம்பை மீறினால் பலகை ஆளைச் சமநிலையில் வைத்திருப்பதை நிறுத்திவிடக்கூடும் என்று ஆணையம் சொன்னது. 2019 முதல் 2021 வரை நான்கு மரணங்கள் பதிவாகியிருந்தன.

தீப்பிடித்தல் வேறு விவகாரம், அதைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். 2015 இறுதியில் மலிவு ஹோவர்போர்டுகளின் பேட்டரிகள் உலகெங்கும் எரிந்தன. பிரிட்டன் துறைமுகங்களில் சோதித்த 17,000 பலகைகளில் 15,000க்கும் மேல் தேறவில்லை. 2016 ஜூலையில் அமெரிக்கா ஒரே அறிவிப்பில் பத்து நிறுவனங்களின் 5,01,000 பலகைகளைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு யுஎல் 2272 என்ற மின் பாதுகாப்புத் தரம் வந்தது. வாங்குபவர் அந்த முத்திரையைத் தேடுவது அவசியம்தான். ஆனால் அது பேட்டரியும் மின்சுற்றும் எரியாது என்பதற்கான உறுதி. ஆள் விழமாட்டார் என்பதற்கானது அல்ல. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம்.

எச்சரிக்கைக்கும் விலை உண்டு

வரம்பு நெருங்குவதை ஆளுக்கு எப்படிச் சொல்வது? பல தன்சமநிலை வண்டிகளில் இருக்கும் வழி, பலகையின் முன்பக்கத்தைத் தூக்கி ஆளைப் பின்னே சாய்ப்பது. பின்னே சாய்ந்தால் வேகம் குறையும், ஆளுக்கும் புரியும். அழகான யோசனைதான். ஆனால் ஆளைப் பின்னே சாய்க்க வேண்டுமென்றால் சக்கரம் ஒரு கணம் அவரை முந்திக்கொண்டு முன்னே போக வேண்டும். அதற்குக் கூடுதல் வேகமும் கூடுதல் பலமும் வேண்டும். கையிருப்பு குறைந்துவிட்டது என்று சொல்வதற்கே கையிருப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறது இந்த எச்சரிக்கை. ஆள் அதை மதிக்காமல் எதிர்த்து முன்னே சாய்ந்தால் இருந்த கொஞ்சமும் போய்விடும்.

அது வேறு விதத்திலும் சிக்கலை உண்டாக்கியிருக்கிறது. 2006இல் சுமார் 23,500 செக்வேக்கள் இரண்டாம் முறை திரும்பப் பெறப்பட்டன. வேகவரம்பு ஆளைப் பின்னே சாய்த்தபோது அவர் பலகையிலிருந்து இறங்கி உடனே மறுபடி கால் வைத்தால், சக்கரம் எதிர்த்திசையில் திரும்பிவிடக்கூடும் என்று கண்டுபிடித்தார்கள். பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடே ஆபத்தின் தொடக்கமானது. ஒன்வீலுக்கு 2023இல் கொடுத்த திருத்தம் இந்த விஷயத்தில் புத்திசாலித்தனமானது: வரம்பு நெருங்கினால் பலகை அதிர்ந்து ஒலி எழுப்பும். சக்கரம் யாரையும் முந்த வேண்டியதில்லை என்பதால் இந்த எச்சரிக்கையின் செலவு மிகக் குறைவு.

எதிர்வாதங்கள்

இந்த வண்டிகளின் ஆர்வலர்கள் முதலில் சொல்வது, இது ஓட்டுநரின் தவறு என்பது. எச்சரித்த பிறகும் சாய்ந்தால் இயந்திரம் என்ன செய்யும்? ஒன்வீல் மரணங்களில் பெரும்பாலானவற்றில் தலைக்கவசம் இல்லை என்பதும் உண்மை. இதில் நியாயம் இருக்கிறது. தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் இல்லாமல் இதில் ஏறவே கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தவறு என்று சொல்ல, எல்லை எங்கே இருக்கிறது என்பது ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் கணக்கில் எல்லை 30இலிருந்து 23.5க்கும், பிறகு 21.5க்கும் நகர்ந்தது. ஓட்டியவரோ முதலிலிருந்து கடைசிவரை ஒரே வேகத்தில், ஒரே மாதிரி நின்றார். நேற்று இதே இடத்தில் இதே வேகத்தில் பத்திரமாகப் போனவர் இன்று விழுகிறார். அனுபவம் ஏறினால் இந்த ஆபத்து குறையும் என்பதும் நிச்சயமில்லை, 20 கி.மீ.யில் பலமுறை ஒன்றும் ஆகாமல் போனவருக்குத்தான் அந்த வேகத்தில் பயமே இருக்காது.

சைக்கிளில் விழாதவர் யார், ஸ்கேட்போர்டில் விழாதவர் யார் என்பது அடுத்தது. ஹோவர்போர்டு பற்றிய அதே ஆய்வு, அதே இரண்டு ஆண்டுகளில் ஸ்கேட்போர்டால் காயம்பட்ட பிள்ளைகள் 1,21,398 பேர் என்றும் சொல்கிறது. மொத்த எண்ணிக்கையில் ஹோவர்போர்டு பெரிய வில்லன் அல்ல. செக்வே நிறுவனத்தை வாங்கியிருந்த பிரிட்டன் தொழிலதிபர் ஜிமி ஹெசல்டன் 2010இல் தன் செக்வேயோடு பள்ளத்தில் விழுந்து இறந்ததை இந்த வண்டிகளுக்கு எதிரான சாட்சியாகப் பலர் காட்டுவார்கள். அது ஆற்றங்கரையின் ஒடுக்கமான செங்குத்துப் பாதை, சைக்கிளுக்கும் ஆபத்தான இடம். மோட்டாரின் கையிருப்புக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக நான் வாதிட மாட்டேன். என் வாதம் விபத்துகளின் எண்ணிக்கையைப் பற்றியதல்ல, அவற்றின் வகையைப் பற்றியது. சைக்கிளில் விழுவதற்கு முன் கைக்கும் காலுக்கும் ஏதாவது தெரிகிறது, பிரேக் இருக்கிறது. மின்சாரம் தீர்ந்த கணத்திலேயே சமநிலையும் தீர்ந்துபோகும் வண்டி இது ஒன்றுதான். ஆகவே இதற்குத் தனி விதி வேண்டும் என்று கேட்பது நியாயம்.

மோட்டாரைப் பெரிதாக்கினால் தீர்ந்தது என்பவர்களுக்கு என் பதில்: தீரும், வேகத்தைக் கூட்டாமல் இருந்தால். 2011இல் ஷேன் சென் கொண்டுவந்த சோலோவீல் முதலிய தொடக்ககால ஒற்றைச் சக்கர வண்டிகள் மெதுவாகத்தான் ஓடின. இன்று மணிக்கு 60 கி.மீ.யைத் தாண்டும் மாதிரிகள் விற்கின்றன. மோட்டாரும் பேட்டரியும் எத்தனையோ மடங்கு வளர்ந்தன; வளர்ந்ததில் பெரும்பகுதியை வேகம் எடுத்துக்கொண்டது. கையிருப்பு விகிதம் மாறவில்லை என்றால், பெரிய மோட்டார் செய்வது ஆளை இன்னும் வேகமாகத் தரையில் அடிப்பதுதான். வேகம் இரண்டு மடங்கானால் உடல் தரையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆற்றல் நான்கு மடங்கு.

ஐந்தில் மூன்று பங்கு

கையிருப்பு இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் எழுத முடியுமா? ஜெர்மனி எழுதியிருக்கிறது. 2019 ஜூனில் அமலுக்கு வந்த சிறு மின்வண்டி விதிகளின்படி வேகம் மணிக்கு 20 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. கைப்பிடித் தண்டு கட்டாயம், ஆகவே ஹோவர்போர்டும் ஒற்றைச் சக்கரமும் அங்கே பொதுச்சாலையில் ஓட முடியாது. மின் ஸ்கூட்டரின் மோட்டாருக்கு 500 வாட் உச்சவரம்பு. ஆனால் தன்சமநிலை வண்டிக்கு மட்டும் 1,400 வாட் வரை அனுமதி, அதில் குறைந்தது 60 விழுக்காடு சமநிலைக்குச் செலவாக வேண்டும் என்ற நிபந்தனையோடு. வேகத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டு பலத்தை மட்டும் கூட்டிக்கொடுக்கிறது அந்த விதி. கையிருப்பைச் சட்ட மொழியில் இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம்.

கடையில் விற்கும் பெட்டியில் இப்போது அச்சிடப்படுவது அதிகபட்ச வேகமும், ஒரு சார்ஜில் எத்தனை கி.மீ. ஓடும் என்பதும். கூடவே இன்னும் இரண்டு எண்களை அச்சிடச் செய்ய வேண்டும்: பேட்டரி நிறைந்திருக்கும்போது வெற்றுச்சுழல் வேகம் எவ்வளவு, தீரும் தறுவாயில் எவ்வளவு. அதிகபட்ச வேகத்துக்குப் பக்கத்தில் இந்த இரண்டாவது எண்ணை வைத்துப் பார்த்தால், நடுவில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைக் கழித்தல் தெரிந்த பிள்ளையே கணக்கிட்டுக்கொள்ளும்.